வாயில் திணித்த இலை

சாம்பசிவம் ஹம்சாவை முதன்முதலில் அடித்தது கல்யாணமான நாற்பதாம் நாள். அண்ணனோடு நீண்ட நேரம் போனில் பேசினாள் என்பதற்காக, அந்த ரிசீவராலேயே காதில் அடித்தான். அதிலிருந்து அவளுக்கு இடது காது பாதிதான் கேட்கும்.

ஹம்சா தெலுங்கு பேசும் ஊரில், லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த தமிழ்ப் பெண். அப்பா பட்டறையில் ஃபிட்டர். படிப்பை முடித்து, காஞ்சன்பாக்கில் ஒரு பாதுகாப்புத் தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் வேலைக்குச் சேர்ந்தாள். சாம்பசிவம் மருந்து கம்பெனி ரெப். டாக்டர்களிடம் பேசிப் பழகிய வாய். அவர்கள் குடியிருந்த ஹப்சிகுடா அபார்ட்மெண்டில் அவனைப் போல மரியாதையான ஆள் கிடையாது என்பார்கள். கதவைச் சாத்திவிட்டால் பெல்ட், குக்கர் மூடி, கையில் எது கிடைக்கிறதோ அது. மகள் பத்மஜாவை மட்டும் அவன் தொட்டதில்லை. அவள் பார்க்கும்படி அம்மாவை அடிப்பான்.

கூட வேலை பார்த்த ப்ரியம்வதா ஒருநாள் மணி பிளாண்ட் துண்டு ஒன்றை ஈர நியூஸ்பேப்பரில் சுற்றிக் கொடுத்தாள். இரண்டு இலை, ஒரு கணு. ஹம்சா அதை ஊறுகாய் பாட்டிலில் கணு முங்கத் தண்ணீர் ஊற்றி வைத்தாள். மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றினாள். வெள்ளையாக வேர் வந்ததும் தொட்டிக்கு மாற்றினாள். மண்ணில் விரலைக் குத்திப் பார்த்து, உள்ளே காய்ந்திருந்தால்தான் தண்ணீர் விடுவாள். கூடினால் இலை மஞ்சளாகிவிடும். நேர் வெயில் படாமல் ஜன்னல் ஓரமாக வைத்தாள். ஆணிகளில் கட்டிய நூலைப் பிடித்துக்கொண்டு ஆறு வருஷத்தில் அது ஹாலின் இரண்டு சுவரைச் சுற்றி வந்தது. ஞாயிறுதோறும் ஸ்டூலில் ஏறி, ஈரத் துணியால் ஒவ்வோர் இலையாகத் துடைப்பாள்.

அந்த அரைமணி நேரம் அவள் தனக்குப் பயப்படவில்லை என்பதைச் சாம்பசிவம் கண்டுகொண்டான். ஒருமுறை கொதிக்கும் கஞ்சியைத் தொட்டியில் ஊற்றினான். வேர் வெந்துபோனது. ஹம்சா மேலே பச்சையாக இருந்த தண்டைக் கணுக் கணுவாக வெட்டிப் பதினாலு பாட்டிலில் வைத்தாள். அதற்கும் அறை விழுந்தது. ஒன்பது துண்டு பிழைத்து, மறுபடி சுவரேறியது.

பத்மஜாவுக்குக் கச்சிபௌலியில் வேலை கிடைத்து அவள் ஹாஸ்டலுக்குப் போன பிறகு அடி கூடிவிட்டது.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு காலை, ஹம்சா ஸ்டூலில் நின்றிருந்தபோது அவன் கூப்பிட்டிருக்கிறான். அவளுக்குக் கேட்கவில்லை. ஸ்டூலை உதைத்தான். கீழே விழுந்தவளின் மேல் கொடியை இழுத்துப் போட்டான்; ஆணிகள் சுவர்ப்பூச்சோடு பெயர்ந்து வந்தன. மார்பில் முட்டியை ஊன்றி, கை நிறைய இலையைப் பிய்த்தான்.

“இத்தன ஆசையா இதும்மேல? தின்னுடி.”

தாடையைப் பிடித்துப் பிளந்து திணித்தான். இலை மசிந்ததும் வாய்க்குள் ஆயிரம் ஊசி இறங்கியதுபோல் இருந்தது. அவன் மறுபடி விரலை நுழைத்தபோது ஹம்சா கடித்தாள். எலும்பு பல்லில் தட்டுப்படும்வரை விடவில்லை. அவன் மற்றக் கையால் முகத்தில் குத்திக்கொண்டே இருந்தான். இரண்டு பல் உடைந்த பிறகுதான் அவள் வாய் திறந்தது.

சத்தம் கேட்டு எதிர்வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். அதற்குள் ஹம்சாவின் நாக்கு வீங்கி வெளியே தள்ளியிருந்தது; எச்சிலும் ரத்தமுமாக வழிந்தது. வேறு வழியில்லாமல் சாம்பசிவம் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

அங்கே எல்லாக் கேள்விக்கும் அவனே பதில் சொன்னான். மனநிலை சரியில்லை, தானே செடியைத் தின்று மயங்கி விழுந்துவிட்டாள் என்றான். கர்ச்சீப் சுற்றிய விரலைப் பற்றிக் கேட்டதற்கு, கார் கதவில் நசுங்கியது என்றான். அந்த இலைச்சாறு பட்டால் நாக்கு வீங்கும் என்பது டாக்டர் மைதிலிக்குத் தெரியும். ஊசி போட்டு, ஐஸ் வைக்கச் சொன்னார். ஹம்சா கையை அசைத்துப் பேனா கேட்டாள். ஸ்டோர்ஸ் ரிஜிஸ்டரில் எழுதும் அதே பெரிய ஆங்கில எழுத்தில் எழுதினாள்: அவர்தான் திணித்தார். விரலில் இருப்பது என் பல் தடம்.

டாக்டர் படித்தார். நர்ஸிடம் அந்தக் கர்ச்சீப்பை அவிழ்க்கச் சொன்னார். பார்த்துவிட்டு, குரலை உயர்த்தாமல் தெலுங்கில் கேட்டார், கார் கதவுக்குப் பல் உண்டா என்று.

போலீஸ் வந்தபோதும் ஹம்சாவால் பேச முடியவில்லை. எழுதினாள். இருபத்துநாலு வருஷத்தை ஏழு பக்கத்தில் எழுதினாள்.

ஜாமீனில் வந்த சாம்பசிவம் சுத்தியலால் வீட்டுக் கதவை உடைத்தான். தடுத்த எதிர்வீட்டுக்காரரின் தோள்பட்டையும் உடைந்தது. அவனை மறுபடி உள்ளே போட்டார்கள். அடுத்த வாரமே அவன் அக்கா வந்து, கேஸை வாபஸ் வாங்கச் சொல்லி அழுதாள். கை ஓங்காத ஆம்பளை யார் என்றாள். அம்மாவுக்குத் துணையாக ஹாஸ்டலிலிருந்து பத்மஜா வந்திருந்தாள். தமிழ் புரிந்தாலும் தமிழில் பதில் சொல்லிப் பழகாத அவள் எழுந்துபோய் வாசல் கதவைத் திறந்தாள்.

“நக்கோ அத்தை. மீரு வெள்ளண்டி.”

வேண்டாம், நீங்க கிளம்புங்க என்று அவள் சொன்னதும் அத்தை போய்விட்டாள்.

கேஸ் இன்னும் முடியவில்லை. அம்மாவும் மகளும் இப்போது கச்சிபௌலியில் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறார்கள். காஞ்சன்பாக் போக ஹம்சாவுக்கு ஒன்றரை மணி நேரமாகிறது. பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போகிறாள். வீட்டில் ஏதாவது பாத்திரம் கீழே விழுந்தால் அவள் இரண்டு கையும் தானாகத் தலைக்குமேல் போய்விடும். பத்மஜா போய் அந்தப் பாத்திரத்தை எடுத்து வைப்பாள்.