மாசித் தண்ணீர்

ஐந்தாம் வகுப்பில் ஆங்கிலத்துக்கு நான் வாங்கிய மதிப்பெண்ணைப் பார்த்தவர்கள், ஜப்பான்காரர்கள் பேசுவதைத் தமிழில் சொல்லும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்க மாட்டார்கள். ஆனால் பட்டாபிராமில் எங்கள் வீட்டில் அந்த வேலைக்கு வேறு ஆள் கிடையாது. கேட்கிறவள் பெரியம்மா. அவளுக்கு ஆங்கிலமும் தெரியாது, என் மதிப்பெண்ணும் தெரியாது.

பெரியம்மா என்றால் அம்மாவின் அக்கா. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் பதினெட்டு வருஷம் சமைத்தவள். ஒரு ஷிஃப்டுக்கு நானூறு பேர். கணவனும் இல்லை, பிள்ளையும் இல்லை. உணவுக்குழாயில் புற்று என்று சொன்ன பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து முன்னறைக் கட்டிலில் படுத்தாள். மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாய் போட்டிருந்தார்கள். அம்மா கஞ்சியை இரண்டு முறை வடிகட்டி, ஊசியில்லாத பெரிய சிரிஞ்சில் எடுத்து, அந்தக் குழாயில் மெதுவாக விடுவாள். வாய் வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது, விழுங்கினால் அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா இதை எனக்கும் பலமுறை சொல்லியிருந்தாள். நானும் ஒவ்வொரு முறையும் தலையாட்டியிருந்தேன்.

அப்படி இருந்தவள் பார்ப்பதற்குச் சாப்பாட்டு நாடகம்தானா கிடைத்தது என்று அப்பா முணுமுணுப்பார். பொழுது போகட்டும் என்று மாடி வீட்டு ஐ.டி. அண்ணன் அவள் போனில் ஏதோ ஓர் ஆப்பைப் போட்டுக் கொடுத்திருந்தார். அதில் அவளே தேடிப் பிடித்தது அந்த ஜப்பான் தொடர். கடலோரத்தில் ஒரு சின்ன ரயில் நிலையம். அங்கே ஒரு விதவை, ரயிலேறப் போகிறவர்களுக்கு மரப்பெட்டியில் சாப்பாடு கட்டித் தருவாள். ஒவ்வொரு நாளும் ஒரு பயணி, அவருக்கு ஒரு துக்கம், அதற்குத் தோதாக ஒரு சாப்பாடு. ரயில் கிளம்பியதும் அவர் பெட்டியைத் திறந்து, ஒரு வாய் சாப்பிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி அழுவார். அவ்வளவுதான் கதை. தினமும் அதே கதை.

அம்மா நாலு மணிக்குப் பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் வீட்டு வேலைக்குப் போய், ஆறரைக்குத் திரும்புவாள். அதுவரை எங்கள் நேரம். திரையின் அடியில் ஓடும் ஆங்கில வரிகளை நான் வாசிப்பேன். தெரிந்ததைச் சொல்வேன், தெரியாததை இட்டுக்கட்டுவேன். பெரியம்மா சமையலில் மட்டும் என்னைத் திருத்துவாள். "அது தயிர் இல்லடி, சோயா பாலத் திரிச்சி வச்சிகீறா. பாரு, கத்தி எப்டி போவுது" என்பாள். நூடுல்ஸைச் சத்தம் போட்டு உறிஞ்சுவது அங்கே மரியாதையாம். அதைக் கேட்டு அவள் சிரித்த சிரிப்பில் மூக்குக் குழாயே ஆடியது.

சாப்பிடுவதற்கு முன் அவர்கள் எல்லோரும் கை கூப்பி ஏதோ சொல்வார்கள். ஏன் என்று ஒரு சிறுமி கேட்க, அந்த விதவை சொன்ன பதிலை நான் தட்டுத் தடுமாறி வாசித்தேன். அரிசியும் மீனும் உயிர்கள், அந்த உயிரை வாங்கிக்கொள்கிறோம், வளர்த்தவரும் சமைத்தவரும் தந்ததை வாங்கிக்கொள்கிறோம் என்று பணிந்து சொல்வதாம். பெரியம்மா போனை நிறுத்தச் சொன்னாள்.

"பதினெட்டு வருசம் ஆக்கிப் போட்டேன். ஒருத்தன் கும்புட்டானா? உப்பு இல்லன்னு சொல்லத்தான் வாயத் தொறப்பானுங்கோ."

தொடரில் மாசி வந்தது அதற்கு அடுத்த வாரம். விதவை ஒரு கட்டையை எடுத்து, தச்சரின் இழைப்புளி போன்ற ஒன்றில் சுருள் சுருளாகச் சீவினாள். மரம் என்றுதான் நான் நினைத்தேன். பெரியம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "ஏ, அது மாசிக் கருவாடுடி! சூரை மீனு, கட்டையாட்டம் காய வச்சது." சுருள்களைக் கொதித்த தண்ணீரில் போட்டு, ஒரு நிமிஷத்தில் வடிகட்டி, மீனை ஒதுக்கிவிட்டுத் தண்ணீரை மட்டும் எடுத்தாள். வெறும் மஞ்சள் தண்ணீர். அன்றைய பயணி அதை ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடினார்.

"இன்னா சொல்றான்? ருசி எப்டி கீதாம்?"

"ஒண்ணும் போடல பெரிம்மா. 'ஆ'ன்னு மட்டும் போட்ருக்கு."

அந்த இடத்தை மூன்று முறை ஓட்டிப் பார்த்தாள்.

மறுநாள் நான் பள்ளியிலிருந்து வந்ததும் காசு கொடுத்து அனுப்பினாள். ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த கருவாட்டுக்காரம்மா, இடித்துத் தரட்டுமா என்று கேட்டார். கட்டையாகவே வேண்டும் என்று நான் ஜப்பான் தோரணையில் சொன்னேன். கேரட் துருவியில் துருவினேன். கட்டிலில் இருந்தபடியே அவள் சொல்லச் சொல்ல, தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, தூளைப் போட்டு, அறுபது எண்ணி, துணியில் வடிகட்டினேன். நான் முதன்முதலில் சமைத்தது அதுதான். டம்ளரைக் கொண்டுபோய் அவள் முகத்தருகே பிடித்தேன். மோந்து பார்க்கத்தான் கேட்கிறாள் என்று நினைத்திருந்தேன். ஒரு பக்க மூக்கில் குழாய் இருந்ததால், மறு பக்கத்தை டம்ளருக்கு நேராகத் திருப்பி நெடுநேரம் மோந்தாள்.

"ஒரே ஒரு ஸ்பூன் வாயில வுடு. துப்பிடறேன்."

"அம்மா திட்டும்."

"சத்தியமா துப்பிடறேன் கண்ணு."

சொல்லிவிட்டு, அந்த ரயில் பயணிகளைப் போலவே கை கூப்பினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு கிண்ணத்தை அவள் தாடைக்குக் கீழே பிடித்துக்கொண்டு, ஒரு ஸ்பூன் ஊற்றினேன். கண்ணை மூடி வாயிலேயே வைத்திருந்தாள். துப்புவாள் என்று நான் காத்திருந்தேன். அவள் தொண்டை ஏறி இறங்கியது. கிண்ணம் காலியாக இருந்தது. "பெரிம்மா!" என்று நான் கத்துவதற்குள் என் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கி, மிச்சத்தையும் குடித்துவிட்டாள்.

பிறகு வந்த இருமலைப் பற்றி எழுத என்னால் முடியவில்லை. மாடி அண்ணன் ஓடிவந்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவள் உதடு நீலமாகிவிட்டது. அம்மா வேலையிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்து, வாசலிலேயே என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"வாயில இன்னா குடுத்த?"

"ஒண்ணும் குடுக்கல."

அம்மா என்னையே பார்த்தாள். அதற்குமேல் கேட்கவில்லை. ஆறாம் நாள் பெரியம்மா செத்துப்போனாள். துப்புகிறேன் என்று சத்தியம் செய்துவிட்டு ஏமாற்றிய கோபத்தில், பிணத்தின் முன்னால் எனக்கு அழுகைகூட வரவில்லை. என்ன கல்நெஞ்சுப் பெண் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அழுகை பிறகு வந்தது. நான்தான் கொன்றேன் என்று எனக்கே புரிந்த பிறகு, பல வருஷங்கள் வந்தது.

இப்போது கல்லூரியில் படிக்கிறேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தபோது, என்னை அறியாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அம்மா நிமிரவில்லை.

"தெரியும். மாசிய வடிகட்டுன துணிய நான்தான தொவைச்சேன்."

"அப்புறம் ஏம்மா கேக்கல?"

குழாயை நிறுத்திவிட்டுச் சொன்னாள். "அவ மொதல்ல என்னாண்டதான் கேட்டா. ரெண்டு மாசம், தெனமும். இனிமே பொழைக்க மாட்டேன், ஒரு வாய் ருசியாத் துன்னுட்டுப் போறேன்னு கால்ல வுழாத கொறையா கேட்டா. நா குடுக்கல. உங்கப்பனாண்ட கேட்டா. அவரும் குடுக்கல."

அவ்வளவுதான் சொன்னாள். மறுபடி குழாயைத் திறந்துவிட்டாள்.

பெரியம்மா பிழைக்க மாட்டாள் என்பது அந்த வீட்டில் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நானோ மூக்குக் குழாயை எப்போது எடுப்பார்கள் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். அம்மா சொன்னதைக் கேட்டதும் மனசு ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை. பெரியவர்கள் இரண்டு பேரும் மறுத்த பிறகு, மறுக்கத் தெரியாத ஒருத்தியை அவள் தேடியிருக்கிறாள். அந்த வீட்டில் அப்படி நான் ஒருத்திதான் இருந்தேன். பள்ளி விட்டு வந்ததும் பக்கத்தில் உட்காரவைத்து, என் அரைகுறை ஆங்கிலத்தைக் கேட்டு, கண்ணு கண்ணு என்று அவள் கூப்பிட்டபோதெல்லாம், எல்லோரையும்விட என்னைத்தான் அவளுக்குப் பிடித்திருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.