பென்டின் கடைசி வரி

இன்று மகளின் உடுப்பை மடிக்கும்போது எழுந்த சலவைத்தூள் மணம், டென்மார்க்கின் இஷொய் நகரில் இடிக்கப்பட்டுவிட்ட எங்கள் பழைய குடியிருப்பின் நிலக்கீழ்ச் சலவை அறைக்கு என்னைக் கூட்டிப்போனது. எண்பதுகளின் நடுப்பகுதி. ஐந்து வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நான், வந்த நாளிலிருந்து வாயே திறக்கவில்லை. நான் இனிப் பேசவே மாட்டேனோ என்ற அம்மாவின் பயம், என் மகள் சற்று நேரம் பேசாதிருந்தாலே பதறுகிற எனக்கு இப்போதுதான் விளங்குகிறது.

அங்கே இயந்திரங்களின் உறுமலுக்குள் பக்கத்து வீட்டு பென்ட், பாஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தை வாசிப்பார். கிழமை நாட்களில் பஸ் ஓட்டி, வார இறுதிகளில் ஊரூராகப் போய், புளூகிராஸ் என்ற அமெரிக்க மலைநாட்டு இசையில் தானே எழுதிய பாட்டுகளைப் பாடுபவர். முதல் வெளிநாட்டுப் பயணத்துக்கென ஒரு விடைபெறும் பாட்டு எழுதி, கடைசி வரிக்கு அப்பாவிடம் தமிழ் கேட்டிருந்தார். அப்பா டேனிஷை அப்படியே மாற்றிக் கொடுத்துவிட்டார்.

"நான் போறன், நான் போறன்" என்று, பயணத்துக்கு முதல் நாள் அம்மாவும் நானும் உடுப்புத் தோய்க்கப் போயிருந்தபோது, பென்ட் பாடினார்.

"ஐயோ, வெளிக்கிடுற நேரத்திலை என்ன பாட்டு இது!" என்றார் அம்மா.

"போறன் எண்டு சொல்லக்கூடாது. போட்டு வாறன் எண்டு சொல்லுங்கோ."

அது என் குரல்.

"இன்னொருக்காச் சொல்லு பிள்ளை," என்றார் அம்மா. சொன்னேன். பென்ட் அதையே பாடினார்; பின்னாளில் எல்லா மேடைகளையும் அந்த வரியோடுதான் முடித்தார். அம்மாவோ அன்று அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, டேனிஷில் நன்றிக்குத் தனக்குத் தெரிந்த ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே நின்றார்.