சித்தப்பாவின் ஓட்டை வாளி

சிங்கப்பூரில், தேக்கா உணவங்காடியில் ஒரு மைனா என் மேசைக்கு வந்து நின்றால், பரோட்டாவை அதனிடம் ஒப்படைத்துவிட்டு எழுந்துவிடுவேன். "அம்பது வயசு ஆம்பளை, மைனாவுக்குப் பயப்படுறீங்களே லா!" என்று மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். அவளுக்கென்ன, அவள் தலையிலா கொத்தியது?

அப்போது எனக்கு ஒன்பது வயது. சித்தப்பா பந்தயக் குதிரை லாயத்தில் வேலை பார்த்தார். பள்ளி விடுமுறையில் என் அட்டகாசம் தாங்காமல், குவீன்ஸ்டவுன் வீட்டிலிருந்து அம்மா என்னை அவரிடம் அனுப்பிவைத்தார். சித்தப்பா பார்த்துக்கொண்ட சாம்பல் நிறக் குதிரை ஆளைக் கடிக்கும். அவர் தோளில் அதன் பல்வரிசை பதிந்திருந்தது. அதன் கொட்டடிக் கதவுக்கு மேலே, உத்தரத்தில் மைனா கூடு கட்டி மூன்று குஞ்சு பொரித்திருந்தது.

நான் போன அன்றே குதிரையின் சொந்தக்காரர் வெள்ளைச் சட்டையில் வந்து கதவருகே நின்றார். மைனா மேலிருந்து தன் மரியாதையைச் செலுத்திவிட்டது. குதிரைப் பயிற்சியாளர் சீனர், சித்தப்பாவோடு மலாய் மொழியில்தான் பேசுவார். "நாளைக்குப் பத்து மணிக்கு நான் வரும்போது கூடு இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சித்தப்பாவுக்குக் குஞ்சுகளைக் குப்பையில் போட மனம் வரவில்லை. ஓட்டை வாளி ஒன்றில் வைக்கோல் பரப்பி, கூட்டை அப்படியே அதில் இறக்கி, லாயத்தின் பின்சுவரில் மாட்டிவிடுவது என்று முடிவு செய்தார். குஞ்சுகளின் சத்தம் கேட்டுத் தாய் தேடிவந்துவிடுமாம். மறுநாள் காலை எனக்கு ஒரே ஒரு வேலை: ஏணியைப் பிடிப்பது.

பிடித்தேன், தாய் மைனா என் உச்சந்தலையில் ஒரு கொத்து கொத்தும்வரை. அடுத்த நொடி எதிரே இருந்த தவிட்டுப் பெட்டிக்குள் இருந்தேன், மூடியையும் இழுத்துக்கொண்டு. ஏணி ஆடியது. ஒரு குஞ்சு கூட்டிலிருந்து நழுவி, கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம், குதிரையின் காலடியில் விழுந்தது.

"ஏணியப் புடிடான்னா எங்கடா போன?"

"தவுட்டுல இருக்கேன் சித்தப்பா!"

மூடி இடுக்கு வழியே பார்த்தேன். குதிரை அடியெடுத்து வைக்கத் தூக்கிய முன்னங்கால் அந்தரத்திலேயே நின்றுவிட்டது. நேர் கீழே, இறகுகூடச் சரியாக முளைக்காத குஞ்சு வாயைப் பிளந்து கத்தியது. குளம்பு இறங்கவில்லை. சித்தப்பா ஏணியைவிட்டு இறங்கி, கதவைத் திறந்து, "அசையாத ராசா, அசையாத" என்று மண்டியிடும்வரை அத்தனை பெரிய உடம்பு மூன்று காலில் நின்றது. தோள் சதை நடுங்கியது. தலையைத் தாழ்த்தி அது விட்ட மூச்சில் குஞ்சின் பூமயிர் சிலிர்த்தது. என் மூக்கில் தவிடு ஏறியதுகூடத் தெரியவில்லை. சித்தப்பா குஞ்சை அள்ளிக்கொண்ட பிறகுதான் அந்தக் கால் மெல்ல, கண்ணாடிமேல் வைப்பதுபோல, தரையைத் தொட்டது.

பத்து மணிக்குப் பயிற்சியாளர் வந்தார். வெறும் உத்தரத்தைப் பார்த்தார். அப்படியே நடந்துபோய்ப் பின்சுவர் வாளிக்கு நேர் கீழே நின்றார். உள்ளே மூன்றும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தன. நான் சித்தப்பாவின் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"இது என்ன?"

"ஓட்டை வாளி, பாஸ். தூக்கிப் போடணும்."

அவர் வாளியையே கொஞ்ச நேரம் பார்த்தார். "அவசரமில்ல. அடுத்த மாசம் போடு."

குளம்புச் சத்தத்தை வைத்தே எந்தக் குதிரைக்கு எந்தக் காலில் வலி என்று சொல்லிவிடுகிற மனிதர் அவர். அவருக்குக் காது சுத்தமாகக் கேட்காது என்று விடுமுறை முடிந்து திரும்பியதும் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் வீடுவீடாகச் சொல்லிச் சிரித்தேன்.