வடக்குப் பாத்தியின் குச்சி

“கொல்லம் 1131 தை 9. வடக்குப் பாத்தி: மருந்துப்பொடி, வேர் சுத்தம். தெற்குப் பாத்தி: வேப்பம் பிண்ணாக்கு, வேரெல்லாம் முடிச்சு.”

என் குறிப்பேட்டில் உள்ள வரிகள் இவை. கையெழுத்து என்னுடையது. தேதி சரி; செடிகளைப் பிடுங்கிப் பார்த்த நாள் அது, ஆங்கிலக் கணக்கில் 1956 ஜனவரி. மற்றது பொய்! பிண்ணாக்கு இட்ட பாத்திதான் சுத்தமாக இருந்தது. பாத்திகளில் நட்டிருந்த அடையாளக் குச்சிகளை நான்தான் இடம் மாற்றினேன்.

மழை பெய்த நாளையும் தேரோடிய நாளையும் தேதி பிசகாமல் எழுதி வைப்பவன் என்று எனக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை வைத்துத்தான் இதைச் செய்தேன்.

அந்த ஆண்டு எங்கள் ஊர்த் தோட்டங்களில் வழுதலங்காய்ச் செடிகள், அதாவது கத்தரிச் செடிகள், நின்ற நிலையில் வாடின. பிடுங்கிப் பார்த்தால், வேரில் பயறு கோத்ததுபோல் முடிச்சுகள். கண்ணுக்குத் தெரியாத நூற்புழுவின் வேலை அது என்று ஆங்கிலப் புத்தகம் ஒன்றில் படித்து, வாசகசாலையில் எழுந்து நின்று சொன்னவன் நான். புதிதாக வந்திருக்கும் மருந்துப்பொடி மண்ணிலுள்ள எல்லாப் புழுவையும் கொல்லும் என்றும் சொன்னேன். அதைப் புத்தகம் சொல்லவில்லை... நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள் ஞானம்மாள். கணவனை இழந்தவள், பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, நிலம் எடுத்து வழுதலை போட்டுப் பிழைப்பவள். அவள் தோட்டத்தில் மட்டும் செடி வாடவில்லை. நடுவதற்கு இரண்டு வாரம் முன்பே வேப்பம் பிண்ணாக்கை இடித்து மண்ணில் கலந்து, நனைத்துப் போட்டுவிடுவாளாம்.

“ஏட்டி, பிண்ணாக்கு புழுவுக்கா, மாட்டுக்கா?” என்றார் அவளுடைய நிலத்துக்காரர்.

“அந்தக் கைப்புல புழு நிக்காது, மாடும் தின்னாது. வாய்க்கொழுப்பு உள்ளவங்களுக்கு வேணும்னா ஒரு உருண்டை உருட்டித் தரலாம்!”

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்ததாகவே எனக்குப் பட்டது.

நிலத்துக்காரர் சிரிக்கவில்லை. “ரெண்டையும் போட்டுப் பாப்போம். பொடி ஜெயிச்சா, இனி எனக்க நிலத்துல பொடிதான். பிண்ணாக்குப் பேச்செல்லாம் அதோட தீந்துது” என்றார்.

சோதனை என் வீட்டுப் பின்புறம் நடந்தது. வடக்குப் பாத்தியில் ஞானம்மாள் பிண்ணாக்கு இட்டாள். அதற்கு வெள்ளைத் துணி கட்டிய குச்சி. தெற்கில் நான் பொடி தூவினேன், சிவப்புத் துணி. தண்ணீர் விடுவதும் குறிப்பு எழுதுவதும் என் பொறுப்பு.

செடிகளைப் பிடுங்கிப் பார்க்க ஊரார் வருவதாக இருந்த அன்று விடியலில் நான் மட்டும் போனேன். பாத்திக்கு ஒரு செடி பிடுங்கினேன். தெற்கில் முடிச்சு முடிச்சாக வேர். வடக்கில்... வெள்ளை வேர், நூல் நூலாக!

நான் மகிழ்ந்திருக்க வேண்டாமா? உண்மையைத் தேடுகிறவன் என்றுதானே என்னைச் சொல்லிக்கொண்டிருந்தேன்? குச்சிகளை மாற்றி நட்டேன். நடவன்று எழுதிய பக்கத்தைக் கிழித்தேன். அதே நடவுத் தேதியை இட்டு, திசையை மாற்றிப் புதிதாக எழுதினேன். மை உலர ஊதினேன்... அதையும் பொறுமையாகச் செய்தேன்.

ஊரார் வந்தார்கள். ஞானம்மாள் வேரைப் பார்த்தாள், குச்சியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“அண்ணாச்சி, நான் பிண்ணாக்கு போட்டது வடக்க, கிணத்தடிப் பாத்தியிலயாக்கும். எனக்கு நல்ல ஓர்மை உண்டு.”

நான் குறிப்பேட்டைத் திறந்து அந்தப் பக்கத்தை உரக்க வாசித்தேன்.

“அண்ணாச்சி தேதி போட்டு எழுதி வச்சிருக்காருல்லா! உனக்க ஓர்மை பெருசா, எழுத்து பெருசா?” என்றார் நிலத்துக்காரர்.

அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெல்ல, “அப்பம் எனக்குத்தான் தெத்திப்போச்சு போல” என்றாள்.

அவள் நிலம் பறிபோனது அதற்குப் பிறகுதான். அதற்கு முன்பே, தன் கண்ணைத் தானே நம்பாதவளாக அவளை ஆக்கிவிட்டேன்! இரண்டில் எது பெரிய குற்றம்? நீங்களே சொல்லுங்கள்...

அடுத்த நடவில் அவள் பொடி தூவினாள். செடிகள் வாடின. “கைராசி இல்லை” என்று நிலத்துக்காரர் பாட்டத்தை வேறொருவருக்கு மாற்றினார். 1956 நவம்பரில், எங்கள் ஜில்லா சென்னை மாநிலத்தோடு சேர்ந்த வாரம், அவள் ஊரைவிட்டுப் போனாள். இணைப்பைப் பற்றி என் குறிப்பேட்டில் நான்கு பக்கம். அவளைப் பற்றி ஒரு வரி: “ஞானம்மாள் மகள் வீட்டுக்குப் போனாள்.”

ஒரு சோதனை எதையும் நிரூபித்துவிடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதுண்டு. ஆனால் மறு ஆண்டிலிருந்து என் வீட்டு வழுதலைக்கு வேப்பம் பிண்ணாக்குத்தான் இடுகிறேன்! எதற்கு என்று மனைவி கேட்டபோது, கரையானுக்கு என்றேன். செடிகள் வாடுவதில்லை. காய்களைக் குழம்பு வைத்துத் தின்கிறேன்...

சில ஆண்டுகளுக்குப் பின், முட்டத்திலிருந்து மீன் விற்க வந்தவள் ஒரு செய்தி சொன்னாள். ஞானம்மாள் அங்கே மகள் வீட்டை ஒட்டிக் கொஞ்சம் வழுதலை போட்டிருக்கிறாளாம். எந்தப் பாத்தியில் எதை இட்டோம் என்று அடுத்த வீட்டுக்காரியிடம் தினமும் கேட்டுக்கொள்கிறாளாம்.

கேட்டதைத் தேதியிட்டுக் குறித்துக்கொண்டேன். முட்டத்துக்குப் பஸ் உண்டு. நான் போகவில்லை.

அந்த வரிக்குப் பக்கத்தில், என் வழக்கப்படி, ஓரத்தில் எழுதியது இன்றும் அப்படியே இருக்கிறது: சரிபார்க்கப்படவில்லை.