நாய்க்கு வெங்காய மருந்து

இன்று காலை எட்டு மணி. எங்கட நாய் பிளாக்கியின் இடது காதில் ஏழு ஈ. சோத்தில மொய்க்கிற ஈ இல்லை, காது நுனியைக் கடித்து இரத்தம் குடிக்கிற ஈ.

குறிஞ்சிப்பிட்டியில் பயிர் மருந்துக் கடைதான் பக்கம். போனேன். கடைக்கார அண்ணனை நாங்கள் 'நானா' என்றுதான் கூப்பிடுவது.

"நானா, நாயிட காதில ஈ கடிக்குது. ஈ அண்டாம பூசுற மருந்து இரிக்கா?"

நானா யோசிக்கவே இல்லை. வெங்காயப் பயிருக்கு அடிக்கிற பூச்சிமருந்துப் போத்தலை எடுத்து வைத்தார்.

"இதத் தண்ணில கலந்து பூசுங்க தம்பி. ஒரு ஈயும் வராது."

போத்தலில் மண்டையோடு பல்லைக் காட்டுது.

"நாய் நக்கினா செத்துரும் நானா."

"வெங்காயத்துக்கும் இதத்தான் அடிக்கிற. நாம திங்கல்லியா?"

"வெங்காயத்த உரிச்சிட்டுத் திங்கிறோம். நாய உரிக்க ஏலுமா?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நேத்து கரையில மீன் வாடி போட்டுத் தங்கியிரிக்கிற அன்டன் அவர்ட நாய்க்கு வாங்கிட்டுப் போனார். ஒரு முறைப்பாடும் வரல்ல!"

செத்த நாயா வந்து முறைப்பாடு சொல்லும்?

இனி நான் செய்யப்போவது:

1. இப்பவே அன்டன் அண்ணனின் வாடிக்கு ஓடி, நாய் உயிரோடு இருந்தால் சவர்க்காரம் போட்டுக் கழுவி, மிருக வைத்தியரிடம் தூக்கிப்போவது.

2. பிளாக்கியின் காதுக்கு, நாய்க்கென்றே செய்த ஈ விரட்டும் களிம்பை அதே வைத்தியரிடம் வாங்குவது.

3. பயிருக்கு அடிக்கிற நஞ்சை இனிச் செத்தாலும் 'மருந்து' என்று சொல்லாமல் இருப்பது. உங்கட ஊர்க் கடையில் நஞ்சுக்கு என்ன பெயர்? கீழே எழுதுங்க.