நான் லைன் போடாத வீடு

பிரவுசர்களைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் உண்டு. யாரும் கேட்பதில்லை, இருந்தாலும் சொல்லிவிடுவேன். கம்ப்யூட்டரோடு கூடவே வருகிறதே, அது வேண்டாத சம்பந்தி மாதிரி. தூக்கிப் போட்டாலும் அடுத்த அப்டேட்டில் வந்து கூடத்தில் உட்கார்ந்துகொள்ளும். எல்லாரும் வைத்திருக்கிறார்களே, அது ஓடுவது வேகம்தான், ஆனால் மெஷினையே தின்று தீர்த்துவிடும். விளம்பரத்தைத் தடுக்கிறேன் என்று வருகிறவன் தன் விளம்பரத்தை மட்டும் காட்டுவான். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரை வீடு வீடாக நெட் லைன் போடுகிறவன் நான். எனக்குத் தெரியாதா?

டிவி விவாதங்களைப் பற்றியும் உண்டு. நடத்துகிறவனைச் செருப்பால் அடிக்க வேண்டும். முதல் அடியை என் கன்னத்தில் போட்டுவிட்டு அப்புறம் அவனிடம் போகலாம்.

அது தேர்தல் சமயம். செங்கல்பட்டில் ஒரு கல்யாண மண்டபத்தை எடுத்து, ஒரு சேனல்காரர்கள் மக்கள் கருத்து நிகழ்ச்சி வைத்தார்கள். அப்போது நான் கட்சிக்காரன். சாப்பாடு இல்லாமல் இருப்பேன், தலைவரை ஒரு வார்த்தை சொன்னால் பொறுக்கமாட்டேன். டிவியில் முகம் தெரிய வேண்டும் என்று எனக்குப் பைத்தியம். கூட வந்தவன் என் கூட்டாளி. ஒன்றாம் வகுப்பிலிருந்து பழக்கம். மாமல்லபுரத்தில் டூரிஸ்ட் கார் ஓட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு அரசியலும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. என்னிடம் நல்ல சட்டை இல்லை என்று அவனுடைய மஞ்சள் கட்டம் போட்ட சட்டையைக் கொடுத்து, அவனுடைய வண்டியிலேயே என்னை உட்கார வைத்துக் கூட்டிப் போனான்.

மண்டபத்தில் எங்கள் பக்கம் கூட்டம் வழிந்தது. எதிர்க்கட்சிப் பக்கம் நாற்காலிகள் காலி. காதில் ஒயரை மாட்டிக்கொண்ட ஒருத்தர் வந்து தலைகளை எண்ணினார். இரண்டு பக்கமும் சமமாகத் தெரிந்தால்தான் ஷூட்டிங் ஆரம்பிக்க முடியுமாம். என் கூட்டாளியின் கையைப் பிடித்து, "சார், நீங்க அந்தப் பக்கம் போயிடுங்க, கேமராவுல காலியா தெரியுது" என்று இழுத்துப் போனார். அங்கே அவன் கழுத்தில் எதிர்க்கட்சித் துண்டைப் போட்டுவிட்டார்கள்.

"மச்சான், பாத்துக்கோ, நான் கட்சி மாறிட்டேன்!" என்று அங்கிருந்து கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

நடுவில் நின்று நிகழ்ச்சி நடத்தியவர் இந்தப் பக்கம் ஒரு கேள்வியைக் கொளுத்திப் போட்டார், அந்தப் பக்கம் ஒன்றைக் கொளுத்திப் போட்டார். அரை மணி நேரத்தில் தொண்டை கிழிந்துவிட்டது எல்லாருக்கும். அப்போது எதிர்ப்பக்கம் ஒருத்தன் எழுந்து எங்கள் தலைவரைப் பற்றி ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்று இன்றைக்கு எனக்கு ஞாபகமே இல்லை. அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. ஒயர் மாட்டியவர் கையைத் தூக்கினார், தட்டுங்கள் என்று அர்த்தம். எதிர்ப்பக்கம் மொத்தமும் தட்டியது. என் கூட்டாளியும் தட்டினான். என்னைப் பார்த்துக் கண்ணடித்து, சிரித்துக்கொண்டே, என்னை வெறுப்பேற்றவே தட்டினான்.

ரத்தம் தலைக்கு ஏறியது. பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து வீசினேன். யார் மேல் விழும் என்று தெரியாமல் வீசினேன் என்று எழுதினால் அது பொய். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் வீசினேன்.

நாற்காலியின் கால் அவன் வலது கண்ணில் இறங்கியது. அதற்கப்புறம் எல்லா நாற்காலியும் பறந்தது, மைக் உடைந்தது, ஒருத்தன் பல் போனது. முதல் நாற்காலி யாருடையது என்று எவனுக்கும் தெரியவில்லை. நான்தான் அவனைத் தோளில் போட்டு ஆட்டோவில் ஏற்றினேன். அவன் கண்ணைப் பொத்தியிருந்த கைவழியாக ரத்தம் ஒழுகி நான் போட்டிருந்த அவன் சட்டையிலேயே ஊறியது.

"எவன் மச்சான் எறிஞ்சான்?"

"தெர்ல மச்சான். எவனோ பேமானி."

"கெடைச்சான்னா வெட்டிப் போட்ருவேன்."

"நீ சும்மா இரு. நானே புடிச்சாந்து உன் கைல குடுக்கறேன்" என்றேன். என் வாயில் புழு விழ.

கண் போய்விட்டது. கார் ஓட்டுவது நின்றது. ஒரு ஹோட்டல் வாசலில் விசில் ஊதி வண்டிகளை ஒதுக்கி நிறுத்துகிற வேலைக்குப் போனான். நான் கட்சியை விட்டேன். வீட்டுக்கு வந்து டிவியைக் கடப்பாரையால் நொறுக்கினேன். "அது இன்னாய்யா பண்ணிச்சு உன்ன?" என்று என் வீட்டுக்காரி அழுதாள்.

அந்தச் சண்டையை வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டு, எவனோ நெட்டில் ஏற்றிவிட்டிருந்தான். அதில் நான் வீசுவது தெரியும். என் முகம் தெரியாது, முதுகுதான். ஊரில் யாருக்கும் அடையாளம் தெரியாது. ஆனால் சட்டை அவனுடையது. அவன் ஒரு தடவை பார்த்தால் போதும். அவனிடம் பட்டன் போன் இருந்தது, வீட்டில் வெறும் கேபிள். அதனால் நான் தப்பித்துக்கொண்டிருந்தேன்.

வீடியோவை எடுக்கச் சொல்லி ரிப்போர்ட் பட்டனை அழுத்தினேன். ஒருத்தன் அழுத்தினால் யார் மதிக்கிறான்? எனவே லைன் போடப் போகிற ஒவ்வொரு வீட்டிலும், "டெஸ்ட் பண்றேன் மேடம்" என்று சொல்லி அவர்கள் டிவியில், அவர்கள் போனில் அதைத் திறந்து ரிப்போர்ட் அடித்தேன். ஊரப்பாக்கத்தில் ஃபிளாட் ஃபிளாடாக அடித்தேன். ஒரு நாள் ஒரு வீட்டுக்காரர், "இன்னாபா, டிவிய தொறந்தாவே சேர் வீசற வீடியோதான் மொதல்ல வந்து நிக்குது" என்றார். அப்போதுதான் என் மரமண்டைக்கு ஏறியது. திறக்கிறவன் கோபத்தில் திறக்கிறானா ஆசையில் திறக்கிறானா என்று அந்த மெஷினுக்குத் தெரியாது. இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு இது பிடிக்கிறது என்று எண்ணிக்கொண்டது. வீடு வீடாகப் போய் நானே தண்ணீர் ஊற்றி வளர்த்திருக்கிறேன்.

கூட்டாளி தன் பெண்ணின் படிப்புக்காக லைன் கேட்டான். "உங்க தெருவுல பாக்ஸ் இல்ல மச்சான்" என்றேன். லைன் பிரிக்கிற அந்தப் பாக்ஸ் அவன் வீட்டு எதிர் கம்பத்திலேயே இருந்தது. கட்டினவனே நான்தான். ஒரு வருஷம் இழுத்தேன். போன மாதம் அவன் மனைவி ஆபீசுக்கே போன் போட்டுத் திட்டிவிட்டாள். அப்படியும் இழுத்தேன். இன்றைக்குப் போகவில்லையென்றால் வேலையை விட்டுவிடு என்று காலையில் சொல்லிவிட்டார் மேனேஜர்.

மத்தியானம் போனேன். அவன் மட்டும்தான் வீட்டில் இருந்தான். பெண்ணுக்காகப் புது டிவி வாங்கி மாட்டியிருந்தான். லைனை இழுத்து, மோடம் வைத்து, "வந்துடுச்சி மச்சான், நான் கெளம்பறேன்" என்றேன்.

"இன்னா அவசரம்? டிவில போட்டுக் காட்டிட்டுப் போ."

போட்டேன். முதல் வரிசையிலேயே நாற்காலி அந்தரத்தில் நிற்கிற படம்.

"டேய், நம்ம ப்ரோக்ராமுடா! போடு, போடு. நான் பாத்ததே இல்ல." அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். ஆஃப் செய்திருக்கலாம், கரண்டைப் பிடுங்கியிருக்கலாம். ஒரு வருஷமாக ஓடி ஓடி எனக்கே அலுத்துவிட்டது. அழுத்திவிட்டேன்.

பார்த்தான். "திருப்பிப் போடு" என்றான். போட்டேன். மூன்றாம் தடவை அவனே ரிமோட்டை வாங்கி நிறுத்தினான்.

"என் சட்டைடா அது."

பக்கத்தில் இருந்த தண்ணிச் சொம்பைத் தூக்கி வீசினான். என் காதை ஒட்டிப் போய்ச் சுவரில் நசுங்கியது. ஒயர் முனையை நசுக்குகிற என் கிரிம்பிங் டூலை எடுத்து வீசினான். இரும்பு, பட்டிருந்தால் மண்டை பிளந்திருக்கும். எனக்கு ஒரு முழம் முன்னாலேயே தரையில் விழுந்து டைல்ஸ் தெறித்தது. மோடத்தைப் பிடுங்கி எறிந்தான். அதுவும் எங்கேயோ போனது. நான் அசையவே இல்லை.

"நவுராதடா! நவுராத!" என்று கதறினான்.

"நவுரல மச்சான். அப்டியேதான் கீறேன்."

"அப்பறம் ஏன்டா படமாட்டேங்குது?" என்று தரையில் அறைந்து அறைந்து அழுதான்.

ஒரு கண் போனவனுக்கு எது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று மட்டுப்படாது என்று டாக்டர் அன்றைக்கே சொன்னார். அது எப்படி இருக்கும் என்று அந்த நிமிஷம்தான் எனக்குத் தெரிந்தது. நகர்ந்து போய் அவன் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்தேன். இடது கையால் என் முகத்தைத் தடவி இடம் பார்த்துக்கொண்டு, வலது கையால் அடித்தான்.