ஊத்தினது நானா?

இன்று காலை எங்கள் போட் கற்பிட்டிக் கரைக்கு வரும்போதே சாச்சாவின் மெத்தை நனைந்திருந்தது. போட்டில் வாப்பா, அவருடைய தம்பி சாச்சா, நான் மூவரும் படுக்கும் சின்ன அறையின் கூரையிலிருந்து சொட்டிய தண்ணீர்.

"ஊத்தினது நீதானே?" என்றார் சாச்சா.

போன கிழமை அவருடைய தலையணைக்குள் ஐஸ்கட்டி வைத்தது நான்தான். ஆனால் இது நானில்லை.

"வல்லாஹி நான் இல்ல சாச்சா. குளிருதுன்டு ஜன்னல இறுக்கிப் பூட்டிட்டுப் படுத்தோம். நம்மட மூச்சுதான் கூரையில பட்டுத் தண்ணியாச் சொட்டுது. ஜன்னலக் கொஞ்சம் திறந்து வெச்சாச் சரி."

"பொய்யா சொல்றாய்? இனி மூச்சு விடப்படாது நீ!"

"அதத்தான் சாச்சா நானும் சொல்றேன். நீங்களும் விடாம இருந்தா மெத்தை காஞ்சிரும்."

வாப்பா சிரிப்பை இருமலாக்கினார். சாச்சா அவர் பக்கம் திரும்பினார். அண்ணனை அவர் 'நானா' என்றுதான் கூப்பிடுவார்.

"இவன் இனி போட்டுல ஏறப்படாது, நானா."

"நானா?" என்றேன்.

"ஓம், நீதான்!"

பள்ளிக்கூட லீவு முழுக்கக் கடல் என்றிருந்தேன். சற்று முன் இருவரும் என்னை விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள்.

போகும்போது சாச்சா சத்தமில்லாமல் ஜன்னலைத் திறந்து வைத்ததைப் பார்த்தேன். அப்படியென்றால் நாளைக் காலை மெத்தை காய்ந்திருக்கும். "பாத்தீங்களா நானா, இவன் இல்ல, தண்ணியும் இல்ல" என்பார். நனைந்திருந்தாலோ, நான் சொன்ன மூச்சுக் கதை பொய்யாகிவிடும்.

இப்போது நான் எதற்கு துஆ கேட்பது? மெத்தை காயவா, நனையவா? யாராவது சொல்லுங்கள்.